செங்கண்மாரி என்று இருந்துவிட்டோம்

நோன்பு திறந்த கையோடு ரோல்ஸும் சமோசாவும் சாப்பிட்டபின், வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்திழுக்கும் வலி உங்களில் யாருக்காவது வருவதுண்டா?

காத்தான்குடி வாவிக்கரையில் இருக்கும் என் ராத்தாவுக்கு வந்தது. "வாய்வுதான் தம்பி" என்று ஓமத் தண்ணீர் குடித்தார், நோன்பை விடவில்லை. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய அல்லாஹ் தந்த சலுகையை வகுப்பில் ஓதிக்கொடுக்கும் நானும் சொல்லவில்லை.

கண் மஞ்சளித்தது. செங்கண்மாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தோம். சிறுநீர் பிளேன்டீ நிறமானது, மலம் வெளுத்தது, உடம்பெல்லாம் அரிப்பு. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த இரவுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. பித்தநாளம் வீங்கியிருந்தது, ஆனால் அதற்குள் கல் தெரியவில்லை. அந்த ஸ்கேனுக்கு நாளத்துக் கல் தப்பிவிடுவதுண்டாம். பிறகு எடுத்த எம்.ஆர்.சி.பி. படம்தான் காட்டியது.

வயிற்றைக் கிழிப்பார்கள் என்று ராத்தா அழுதார். வாய்வழியே கமெராக் குழாயை இறக்கி, நாளத்தின் வாயைச் சிறிது வெட்டிக் கல்லை எடுத்துவிட்டார்கள். ஈ.ஆர்.சி.பி. என்பார்கள். இப்படி வெட்டும் முறை 1974இல்தான் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வந்தது. அதற்குமுன் வயிற்றைத் திறந்தே எடுத்தார்கள்; சிலருக்கு இன்றும் அது தேவைப்படும். மீண்டும் கல் இறங்காதிருக்கப் பித்தப்பையையும் சிறு துளைகள் வழியே அகற்றினார்கள். பித்தம் சுரப்பது ஈரலில், பையில்லாமலும் வாழலாம்.

பல பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்தக் கல் அதிகம். வலி, காய்ச்சல், மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் நாளத்தில் கிருமி தொற்றியிருக்கலாம், விடியும்வரை காத்திராதீர்கள்.

விட்ட பதினொரு நோன்பையும் ராத்தா கழாச் செய்து முடித்துவிட்டார். ரோல்ஸைத்தான் இன்னும் விடவில்லை.