உதயகிரிக் கோட்டையில் ஒரு கல்லறை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக்கு ஓய்வே இல்லை. காற்றாடிமலையில் ஏறி நின்றபோது எங்கள் பங்குப் பெண்கள் முக்காட்டை இரு கைகளாலும் பற்றிக்கொண்டனர். 1752 சனவரி 14 அன்று புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டது இம்மலையில்தான். அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். மனைவியோடு இல்லறம் நடத்தி, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் அப்பேறு முதலில் பெற்றவர் அவரே.

எங்களோடு வந்த தாய் ஒருவர் மலையடிவாரத்தில் தனித்து அமர்ந்திருந்தார். அவருடைய மகன் குருமடத்தில் நான்கு ஆண்டுகள் பயின்று வீடு திரும்பியவன். இன்று கடைசல் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். "தேவ அழைத்தல் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டதே" என்றார். எங்களுக்கு மறுமொழி வாய்க்கவில்லை. அழைத்தல் என்றாலே குருமடமும் கன்னியர் மடமும்தாம் என்று ஞாயிறுதோறும் மன்றாடிப் பழகியவர்கள் அல்லவா நாம்!

கோட்டாற்றில் சவேரியார் பேராலயத்திலுள்ள புனிதரின் கல்லறையில் செபித்துவிட்டு, பிற்பகலில் புலியூர்க்குறிச்சிக்குச் சென்றோம். பெரும்பாலான திருப்பயணிகள் அங்குள்ள உதயகிரிக் கோட்டைக்குள் நுழைவதில்லை; அது பெருங்குறை என்றே சொல்வோம். உள்ளே மரங்களின் நிழலில், கூரையிழந்த சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. அதனுள் தெலனாய் என்னும் படைத்தலைவரின் கல்லறை உள்ளது. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படையினர் அவர். மன்னர் மார்த்தாண்ட வர்மர் அவருடைய திறமையைக் கண்டு தம் படைக்குப் பயிற்சி தரச் செய்தார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றனர்.

அந்நாளில் நீலகண்டன் என்ற பெயருடன் விளங்கிய நம் புனிதர், கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து மனம் சோர்ந்திருந்தாராம். உடன் பணிபுரிந்த தெலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அவ்வளவே. மறையுரை மேடையில்லை, உபதேசியார் இல்லை. வேலையிடத்தில் துயருற்ற ஒருவரோடு மற்றொருவர் பேசிய பேச்சு. அதிலிருந்து முளைத்ததே 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் தேவசகாயம் பெற்ற ஞானஸ்நானம். திருமுழுக்கிற்குப்பின் அவர் வீட்டையோ மனைவியையோ துறக்கவில்லை. சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகினார். அரண்மனையில் பகை மூண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொதுநிலையினர் தம் உலகத் தொழில்களிலேயே இறையாட்சியைத் தேட அழைக்கப்பட்டவர்கள் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கோட்டைப்பகுதியில் அது நடந்தேறியிருக்கிறது.

தெலனாய் 1777-இல் இறந்தார். அவருக்குப் பீடமில்லை, திருவிழாவுமில்லை. கல்லில் இலத்தீனும் தமிழும் பொறித்திருக்கின்றன. அந்தத் தாய் குனிந்து, தமிழ் எழுத்துகளை விரலால் தடவி, நெடுநேரம் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இவருக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார்.

மனைவியும் மகனும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருப்பதைக் காட்டினோம். கையிலிருந்த மெழுகுவர்த்திகளுள் ஒன்றை அங்கே ஏற்றினார், காற்று அணைத்தது. மீண்டும் ஏற்றினார். பேருந்துக்குத் திரும்பும் வழியில், பட்டறையில் மகனோடு வேலை செய்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வூரார் என்றெல்லாம் எங்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.