வேலை இல்லாத கான்ட்ராக்டர்

லண்டனில் 11 வருஷமா சொந்தக் கணக்கில் எலக்ட்ரிகல் வேலை எடுத்துச் செய்றேன். மார்ச்சில் ஒரு சைட் முடிஞ்சது. அடுத்தது எப்போன்னு தெரியலை. வாடகை மட்டும் தேதி தவறாம வருது :-)

"இத்தனை வருஷம் வரி கட்டினீங்களே, கவர்மெண்ட்ல கேளுங்க"ன்னாங்க வீட்டம்மா. கேட்டேன்.

வேலை இல்லாதவங்களுக்கு ஆறு மாசம் வரை 'ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ்' உண்டு. ஆனால் கடந்த ரெண்டு மூணு வருஷத்தில் கிளாஸ் 1 நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கணும். அது சம்பளக்காரங்க கட்டுறது. நம்மளோடது கிளாஸ் 2, கிளாஸ் 4. முதலாவது பென்ஷனுக்கு ஆகும். ரெண்டாவது எதுக்குமே ஆகாது!

சரி, யுனிவர்சல் கிரெடிட்? புருஷன் பொண்டாட்டி சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல இருந்தா கிடையாது. வீடு வாங்கச் சேர்த்த பணம் குறுக்கே நின்னுது.

இருந்தாலும் மனு போட்டேன். காசு வராட்டியும், வேலை தேடுறதைக் காட்டினா அந்த வாரங்களுக்கு இன்ஷூரன்ஸ் வரவு வைக்கிறாங்க. லாபம் ரொம்பக் குறைஞ்ச வருஷத்தில் பென்ஷன் கணக்கில் ஓட்டை விழாம காப்பாத்துறது அதுதான். முழு பென்ஷனுக்குப் பொதுவா 35 வருஷம் வேணும். நான் இங்கே வந்ததே 34 வயசில். பென்ஷன் வயசு 67. கூட்டிக் கழிச்சா 33 தான் தேறும். அதுல ஒண்ணைக்கூட விட மனசில்லை.

நம்மள மாதிரி ஆளுங்க, "காசுதான் கிடைக்காதே"ன்னு வீட்டிலேயே இருந்துடாதீங்க மக்களே.