வீட்டில் ஒருவர் படுத்தால் கணக்கை யார் பார்ப்பது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு தாய்மார் சிலர் தனியாக வந்து நிற்பார்கள். பிள்ளையின் படிப்பைப் பற்றித்தான் பேச்சுத் தொடங்கும். இரண்டு நிமிடத்தில் வேறு பக்கம் திரும்பிவிடும். "டீச்சர், அவருக்கு ரெண்டு மாசமா வேலைக்குப் போக ஏலாது. உங்க வீட்டிலயும் அப்பிடித்தானே இருந்துச்சு, நீங்க எப்பிடி சமாளிச்சீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

2024 ஆகஸ்டில் அவருக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியது. வலது காலைத் தூக்க முடியாது. பத்து நிமிடம் உட்கார முடியாது. த்ரீவீல் ஓட்டும் ஒருவருக்கு உட்கார முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து மாதம் வண்டிப் பக்கம் போகவில்லை. பெற்றோல் செலவு போக மாதம் ஐம்பத்தைந்தாயிரம் அளவில் கொண்டுவந்தவர். அது அப்படியே நின்றது. பழைய கடன்கள் கழிந்து என் கைக்கு வந்த சம்பளம் 52,000 ரூபா. அதில் வண்டிக்கு லீசிங் 24,500. மிச்சம் 27,500. வீட்டில் மாமியாரோடு சேர்த்து ஐந்து பேர்.

எனக்காவது மாதச் சம்பளம் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் வீடுகளில் நிலைமை இதைவிடக் கடினம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆனது. 2024இல் அடிப்படை 1350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்ப்பதாக அறிவித்தார்கள். எந்தத் தொகையாக இருந்தாலும் அது பேர் விழுந்த நாளுக்குத்தான். படுத்த நாளுக்கு இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், உண்மை. ஆனால் நடக்க முடியாதவரைத் தனியாகக் கிளினிக்குக் கூட்டி அனுப்ப முடியுமா? கூடப் போகிறவரின் பேரும் அன்றைக்கு இல்லை. அதனால் நம் பக்கத்தில் ஒருவர் படுத்தால் ஒன்றரைச் சம்பளம், சில மாதங்களில் இரண்டு சம்பளமும் போகிறது. பஸ் காசு, வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து, ஸ்கேன் எல்லாம் அதற்கு மேலே.

முதல் வாரத்திலேயே ஒரு சி.ஆர். கொப்பியில் மூன்று கோடு போட்டேன். முதல் பத்தியில் நிறுத்தவே முடியாதவை: மருந்து, அரிசி மா, கரண்ட், பிள்ளைகளின் பஸ் காசு. இரண்டாவதில் பேசினால் தள்ளிப் போடக் கூடியவை: லீசிங், கடைக் கணக்கு, சீட்டு. மூன்றாவதில் அவர் எழும்பும் வரை வேண்டாதவை. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் மனதுக்குள் வைத்துக் கணக்குப் பார்த்தால் எல்லாக் கடனும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிப்பதுபோல் இருக்கும். எழுதிப் பார்த்தால் இந்த வாரம் மூன்று பேருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியும். குர்ஆனில் மிக நீளமான வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சின்ன வயதில் மத்ரசாவில் ஓதியதுதான். கொப்பியைத் திறந்த அன்றுதான் அதன் அருமை விளங்கியது.

லீசிங் கம்பனிக்குத் தவணை தவறும் முன்பே போனேன். வைத்தியரின் கடிதம், கிளினிக் கொப்பியின் பிரதி, கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம் மூன்றையும் கொடுத்து, என் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டேன். முதல் தடவை "பார்ப்போம்" என்றார்கள். இரண்டாம் தடவை முகாமையாளரைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். காசைத் தள்ளுபடி செய்யவில்லை. தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டினார்கள். மொத்தத்தில் நாங்கள் கூடுதலாகத்தான் கட்டுகிறோம். அதைத் தெரிந்தே ஒத்துக்கொண்டோம், ஏனென்றால் வண்டி போனால் அவர் எழும்பிய பிறகும் தொழில் இல்லை. யாராவது உங்களை மிரட்டினால், பதில் சொல்லாமல் இழுத்தடித்தால், மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குப் பேசுங்கள். அங்கே பதிவு பெற்ற நிதிக் கம்பனிகளைப் பற்றி முறையிட அந்த இலக்கம் இருக்கிறது.

பாடசாலையில் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். என் முறை பதினோராவது. ஐந்தாவது முறைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி மாற்றிக் கேட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தந்தார். வட்டி இல்லாத கடன் அது. வீட்டு வாசலுக்கு வந்து கிழமைக்குக் கிழமை வசூலிக்கும் கடனுக்கு முன்னால், உங்கள் சீட்டுக்காரரிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

இரண்டாவது மாதம் அவருடைய மருந்துப் பையை அடுக்கும்போது மாத்திரைகள் அதிகமாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். கணக்கு ஒத்து வரவில்லை. கேட்டதற்கு முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு வேளைக்குப் பதிலா ஒரு வேளை போட்டேன். பொட்டி ரெண்டு மடங்கு நாள் வரும்தானே. நீங்க ஒத்த ஆளா கஷ்டப்படுறீங்க, நான் படுத்துக்கிட்டு மாத்திரையும் திங்கணுமா?"

பன்னிரண்டு வருடமாக வீட்டுக்குச் சம்பாதித்த மனிசன். அவருடைய நோயைச் செலவாகப் பார்த்தது நான் இல்லை, பிள்ளைகள் இல்லை, அவரேதான். அந்த மாதம் வலி குறையாமல் இருந்ததற்கும், கிளினிக்கில் மருந்தைக் கூட்ட வேண்டுமோ என்று வைத்தியர் யோசித்ததற்கும் இதுதான் காரணம். பாதி மாத்திரையால் மிஞ்சிய காசு சில நூறு ரூபா. அதனால் தள்ளிப்போனது அவர் எழும்பும் நாள்.

அன்று இரவே கொப்பியை அவர் கையில் கொடுத்தேன். படுத்துக்கொண்டே எழுதலாம், தொலைபேசியில் பேசலாம். அன்றிலிருந்து வீட்டுக் கணக்கு அவருடையது. மருந்துக் காசு தனி டப்பாவில், அதுவும் அவர் தலைமாட்டில். வண்டியை என் தம்பி நாள் வாடகைக்கு ஓட்டினான். லைசன்ஸும் இன்சூரன்ஸும் சரியா என்று பார்த்த பிறகுதான் கொடுத்தோம். ஸ்டேசனுக்கும் பாடசாலைக்கும் போகும் வழமையான ஹயர்களுக்கு அவரே அழைப்பு எடுத்து, தம்பிக்கு நேரம் சொல்லி, இரவில் வரவு எழுதினார். கைக்கு வந்தது முன்பு உழைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் குறைத்த தவணையின் பெரும்பகுதியை வண்டியே கட்டியது. கிளினிக் நாட்களில் வட்டகொடையிலிருந்து நானுஓயா வரை ரயில், அங்கிருந்து நுவரெலியாவுக்கு பஸ். ரயிலில் அவரால் எழும்பி நிற்க முடியும், செலவும் குறைவு. அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

இன்னொரு விஷயம் ஆசிரியராகச் சொல்கிறேன். வீட்டில் நோய் வந்தால் பல இடங்களில் முதலில் வெட்டப்படும் செலவு பிள்ளைதான். பத்தாம் வகுப்பில் இருக்கிற பையன் இரண்டு வாரம் வரமாட்டான். விசாரித்தால் கொழும்பில் கடையில் நிற்கிறான் என்பார்கள். 16 வயது வரை படிப்பு கட்டாயம் என்பது சட்டம். அதைவிட, அந்தப் பையன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பதுதான் என் அனுபவம். தகப்பன் ஆறு மாதத்தில் எழும்பிவிடுவார், பிள்ளையின் படிப்பு எழும்பாது. அந்த முடிவை எடுக்கும் முன் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொப்பி, சப்பாத்து, மேலதிக வகுப்பு என்று பாடசாலைக்குள்ளேயே செய்யக்கூடியவை இருக்கின்றன.

எங்கே என்ன கேட்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். சேமித்து வையுங்கள்.

வேலை செய்யும்போது குளவி கொட்டினாலும், வழுக்கி விழுந்தாலும் அது சாதாரண நோய் இல்லை, வேலை விபத்து. 1934ஆம் ஆண்டிலிருந்தே அதற்கு நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. 2022 திருத்தத்தில் உச்சத் தொகையை 20 இலட்சம் ஆக்கினார்கள். அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கே, எப்படி நடந்தது என்று வைத்தியரிடமும் சொல்லி எழுத வையுங்கள்.

ஈ.பி.எப். பணத்தில் நம் பங்கு 8 வீதம், தோட்டத்தின் அல்லது முதலாளியின் பங்கு 12 வீதம். வேலையில் இருக்கும்போதே குறிப்பிட்ட வைத்தியச் செலவுகளுக்கு 30 வீதம் வரை எடுக்கலாம். பத்து வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது மூன்று இலட்சம் இருக்க வேண்டும். இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்திய சபை உறுதி செய்தால் முழுப் பணத்தையும் கேட்கலாம். இருதய சத்திர சிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை போன்றவற்றுக்கு ஈ.டி.எப்.பிலும் உதவி உண்டு. அங்கத்துவ இலக்கம் கணவனுக்கும் மனைவிக்கும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 7 நாள் அமய லீவு உண்டு. சுகமில்லாத நாளுக்கு அதை எடுக்கலாம். அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதி. நம் சம்பளத்தில் கழியும் அந்தக் காசு கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். டயக்னோசிஸ் காட்டையும் பில்களையும் எறியாமல் வையுங்கள்.

பெரிய சத்திர சிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திர சிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடன் போய்க் கேளுங்கள், முடிந்த பிறகு ஓடாதீர்கள். சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அஸ்வெசும வழியாகத் தனிக் கொடுப்பனவு உண்டு. இதற்கும் பிரதேச செயலகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

த்ரீவீல் ஓட்டுபவர், சில்லறைக் கடைக்காரர், கூலி மேசன்மாருக்கு இந்தப் பட்டியலில் அதிகம் இல்லை. என் வீட்டிலும் அதுதான் நிலைமை. அதனால்தான் அவர் திரும்ப வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் 200 ரூபாவைப் பெற்றோல் காசு மாதிரி நினைத்து ஒதுக்குகிறார். பத்து நாள் ஹயர் இல்லாவிட்டாலும் மருந்துக்கும் அரிசிக்கும் அது தாங்கும்.

சுகம் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிஸ்கட்டும் அப்பிளும் கொண்டுபோவது நல்லதுதான். அதோடு "அடுத்த கிளினிக் எப்ப? நான் கூடப் போறேன்" என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டுக்கு ஒரு நாள் பேர் மிச்சம். எங்களுக்கு அப்படி இரண்டு தடவை செய்தவர் அடுத்த லயத்து அண்ணன். அவருக்கு இந்தப் பதிவு போய்ச் சேருமோ தெரியாது, ஆனால் துஆவில் அவர் இருக்கிறார்.

உங்கள் வீட்டில் இப்போது யாராவது படுத்திருந்தால், இன்று இரவு அவரோடு உட்கார்ந்து மூன்று பத்தி எழுதுங்கள். அவருக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். மாத்திரையையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பம், கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

தேவைப்படும் வீடுகளுக்குப் பகிருங்கள். எல்லா நோயாளிகளுக்கும் அல்லாஹ் சுகத்தைக் கொடுக்கட்டும்.