பழையது யாருக்கு?

பழைய சோற்றின் பெருமையை இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். மண்சட்டியில் சின்ன வெங்காயத்துடன் பரிமாறும் உணவகங்களும் வந்துவிட்டன. சுவையைப் பற்றி எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புழுங்கலரிசியை உலையிலிட்டு வடித்த சோறாக இருக்க வேண்டும். குக்கர் சோறு மறுநாள் குழைந்து கூழாகிவிடும். இரவில் நீரூற்றி வைத்தால் விடிவதற்குள் இதமான புளிப்பேறும். உப்பு, சிறிது மோர், நார்த்தங்காய் ஊறுகாய். சித்திரை வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? (நீராகாரத்தை மட்டும் குடித்துவிட்டுச் சோற்றை ஒதுக்குவோரை நாங்கள் மன்னிப்பதில்லை.)

அதை யார் உண்டார்கள் என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை. வயலுக்குப் போகிறவர்களுக்கு அது காலை உணவு. எங்கள் வீட்டிலோ அம்மாவுக்கு மட்டும். அப்பாவுக்கும் பிள்ளைகள் எங்கள் மூவருக்கும் இட்லி வார்த்த நாட்களிலும் அவர் அடுக்களையில் அமர்ந்து பழையதைப் பிழிந்துண்டார். கேட்டால், "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பார். இட்லி எப்போதும் எண்ணித்தான் இருந்தது.

இப்போது அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டதால் காலையில் இரண்டு இட்லி. பழையது இல்லையே என்று தினமும் குறைப்படுகிறார். அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது என்கிறாள் அக்கா. தம்பி ஒப்புக்கொள்வதில்லை.