சப்பாத்தும் சவாரியும்

மனிதன் தன் தலையைப் பற்றிக் கவலைப்படுகிற அளவிற்குத் தன் காலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இதில் ஐயம் உள்ளவர்கள் திருகோணமலைக் கடைவீதியில் அரைமணி நேரம் நின்று பார்க்கட்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுள் ஏறக்குறைய எல்லோர் தலையிலும் கவசம் இருக்கும். சட்டம் அதனைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பார்வையைச் சற்றே கீழே இறக்கினால், அதே மனிதரின் காலில் இரண்டு வார் பூட்டிய இறப்பர்ச் செருப்புக் கிடக்கும். அதைப் 'பாட்டா' என்றே எங்கள் ஊரில் வழங்குவர். சிலருக்கு அதுவும் இல்லை, வெறுங்கால்தான்.

தலைக்கவசத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 'அராபிய லோரன்ஸ்' என்று உலகப் புகழ்பெற்ற டி. ஈ. லோரன்ஸ் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்திற்கு உள்ளாகி, தலையில் அடிபட்டு, ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுள் ஹியூ கெயன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்த மரணம் அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை, கவசத்தின் அவசியத்தை உலகிற்கு உணர்த்திற்று. பிரித்தானிய இராணுவமும் அவ்வாண்டிலேயே தன் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. காலுக்கு அப்படி வழக்காட எவரும் முன்வந்து பெயர் பெறவில்லை. காலில் பட்ட அடி பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை அல்லவா? ஆனால் அது பிழைப்பைப் பறித்துவிடும்.

எனக்குத் தெரிந்த மீன் வியாபாரி ஒருவர் இருந்தார். விடியற்காலையில் கரைவலைக்காரரிடம் மீன் வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரூராகச் சென்று விற்பவர். ஒருநாள் காற்று வாரியிறைத்திருந்த மணலில் வண்டி வழுக்கிற்று. வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மனிதன் ஓடுகிற வேகந்தான். வண்டி சரிந்தபோது இடது கால் அதன் அடியில் அகப்பட்டுக்கொண்டது. செருப்பு எங்கோ பறந்துவிட்டது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கணுக்கால் எலும்பு முறிந்து, பாதத்தின் தோல் உரிந்து, அவர் மீண்டும் ஊன்றி நடக்க ஏழு மாதங்கள் சென்றன. அந்த ஏழு மாதமும் அவருடைய மனைவி இடியப்பம் அவித்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். மூத்த பெண் படிப்பை நிறுத்திக்கொண்டாள். ஒரு சோடி நல்ல சப்பாத்து அந்த வீட்டிற்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை அன்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன்.

அந்தக் கணக்கு மனத்தில் இருந்தபடியால், சென்ற ஆண்டு என் தங்கையின் மகன் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று வந்தபோது, "வண்டி பிறகு, முதலில் சப்பாத்து" என்றேன். தங்கைக்கும் அது ஆறுதலாயிற்று. மருமகனோ பந்தய வீரர்கள் அணிகின்ற, முழங்கால்வரை உயர்ந்த, பளபளவென்ற காலணியின் படத்தைக் காட்டினான். "மாமா, இதுதான் ஆகச் சிறந்ததாம்" என்றான். "சிறந்ததுதான், தம்பி. ஆனால் கச்சான் காற்று அனலாய் வீசுகிற ஆடி மாதத்தில், இதை மாட்டிக்கொண்டு நீ கிண்ணியா வரைக்கும் போவாயா?" என்று கேட்டேன். அவன் சிறிது யோசித்துவிட்டு, "முதல் நாள் போவேன்" என்றான். உண்மையைச் சொன்னதற்காக அவனை மெச்சினேன்.

சப்பாத்தைத் தெரிவு செய்வதில் முதல் விதி இதுவே: அலுமாரியில் இருக்கும் உயர்ந்த சப்பாத்தைவிடக் காலில் இருக்கும் நடுத்தரச் சப்பாத்து மேலானது. நம் ஊருக்கு ஏற்றது எதுவென்று பார்த்து வாங்கவேண்டும். திருகோணமலையில் ஆண்டின் பெரும்பகுதி வெயில், ஐப்பசி தொடங்கித் தை வரையில் வாடைக்காற்றும் மழையும், எக்காலத்திலும் உப்புக்காற்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் தெருவோரமெல்லாம் மணல். பிரட்றிக் கோட்டையைச் சுற்றியும் நகரத்தின் உள்ளேயும் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிகின்றன. மாடுகளோ தெருவின் நடுவிலேயே படுத்துறங்கும். இவற்றிற்காகத் திடீரென நிறுத்திக் காலை ஊன்றாத நாளில்லை. ஆகவே நிலத்தைப் பற்றிக்கொள்ளும் அடி இங்கே முதன்மையான தேவை.

கடைக்கு மாலையிலேயே போகவேண்டும். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்துகிற சப்பாத்து மாலையில் இறுக்கும். வழக்கமாக அணிகிற காலுறையுடனேயே போட்டுப் பார்க்கவேண்டும். எழுந்து நின்றால் நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். நடக்கும்போது குதிகால் மேலெழக் கூடாது. சப்பாத்தின் கழுத்து, கணுக்காலின் இருபுறத்து எலும்புகளையும் முழுவதும் மூடி அதற்கு மேலும் சற்று உயர வேண்டும். முதலில் அடிபடுவது அந்த எலும்பே. பிறகு சப்பாத்தை இரு கைகளாலும் பிடித்து, நனைந்த துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுகினால் அதை வைத்துவிட்டு வாருங்கள். வண்டி காலின்மேல் சரியும்போது பாதத்தை நசுங்கவிடாமல் தாங்குவது அடியின் விறைப்புத்தான்.

குதி தட்டையாய் இராமல் தனியே எடுப்பாக இருந்தால் மிதிகட்டையிலிருந்து கால் வழுக்காது. முன்பகுதி மிகப் பருத்திருந்தால் கியர் மிதியின் அடியில் நுழையாது. இந்திய வண்டிகள் பலவற்றில் விரலாலும் குதியாலும் மாற்றத்தக்க இரட்டை மிதி இருப்பதால் இத்தொல்லை குறைவு. ஒற்றை மிதியுள்ள வண்டியானால், விலை பேசுமுன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வண்டியில் அமர்ந்து பார்த்துவிட வேண்டும். நாடா உள்ள சப்பாத்தானால் முடிச்சின் காதுகளை உள்ளே செருகிவிடவேண்டும். மிதியிலோ சங்கிலியிலோ அவை சிக்கினால், ஊன்ற வேண்டிய நேரத்தில் கால் வராது.

ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் காலணிக்கென்றே 13634 என்ற எண்ணுடைய நியமம் ஒன்று இருக்கிறது. சப்பாத்தின் உயரம், வீதியில் உராயும்போது தேயாத திறன், வெட்டைத் தாங்கும் திறன், பக்கவாட்டில் நசுங்காத திறன் ஆகியவற்றிற்கு 1 அல்லது 2 என்று தரம் இடுவர். 2017ஆம் ஆண்டுப் பதிப்பின்படி செய்தவற்றில், ஓட்டியின் சிறு படத்துடன் இந்த நான்கு எண்களும் பொறித்திருக்கும். அந்த முத்திரை உள்ளது கைக்கு எட்டினால் நல்லது. எட்டாதவர்கள் மேலே சொன்ன சோதனைகளைக் கையாலேயே செய்துகொள்ளலாம்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் பணிபுரிகிறவர்கள், விரல் பகுதியில் இரும்புக் கவசம் வைத்த பாதுகாப்புச் சப்பாத்துடனேயே சவாரி செய்வதைக் காண்கிறேன். அது மேலிருந்து விழும் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. கணுக்கால் முறுகுவதற்கும் வீதியில் உராய்வதற்கும் என்று செய்யப்பட்டதன்று. ஆயினும் செருப்பைவிட எத்தனையோ மடங்கு மேல். கணுக்காலை மூடுகிற உயரம் உள்ளதாய்ப் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி, நமக்கென்றே உரிய ஒரு சங்கடம். நாம் வாயிலுக்கு வாயில் பாதணியைக் கழற்றுகிற மக்கள். கோணேசர் கோயிலாகட்டும், உறவினர் வீடாகட்டும், காலணி வெளியேதான். 'சப்பாத்து' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. அதை அணிந்தபடி வீட்டினுள் நுழையும் வழக்கத்தை நாம் அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு கண்ணி கோத்து நாடா கட்டுகிற சப்பாத்தை நாளொன்றுக்கு எட்டுத் தடவை கழற்றுகிறவன், ஒன்பதாம் தடவை செருப்பைத் தேடுவான். ஆதலால் உட்புறத்தில் சிப் வைத்து, அதன்மேல் ஒரு மடிப்பும் அமைந்த சப்பாத்தையே மருமகனுக்குத் தெரிந்தெடுத்தேன். முழங்காலுக்கு எட்டாத, கணுக்காலுக்கு ஒரு சாண் உயர்ந்த கறுப்புத் தோல் சப்பாத்து. அவன் முகத்தில் முதலில் ஏமாற்றந்தான் தெரிந்தது. இன்றுவரை அதை அணியாமல் அவன் வண்டியை எடுத்ததில்லை என்று தங்கை சொல்கிறாள்.

வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணலாகாது. கடற்கரை ஊரில் தோலுக்கு முதற் பகை உப்பு. 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையில் நாங்கள் வண்டியைப் பாதையில் ஏற்றித்தான் நீரைக் கடப்போம். உப்புநீர் படாமல் கரையேறிய நாள் அரிது. காய்ந்தபின் சப்பாத்தின்மேல் வெண்கோடு படரும். அதன்மேலேயே பொலிஷைத் தேய்ப்பது அழுக்கின்மேல் சந்தனம் பூசுவதை ஒக்கும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் உப்பைத் துடைத்தெடுக்க வேண்டும். தையல் ஓரங்களையும் சிப்பின் பற்களையும் பழைய பற்றூரிகையால் தேய்த்துவிட வேண்டும்.

மழையில் நனைந்த சப்பாத்தை வெயிலில் வைப்பதும் அடுப்பங்கரையில் வைப்பதும் பெரும் பிழை. உலர்ந்த தோல் தாங்குகிற சூட்டை ஈரத்தோல் தாங்காது. சுருங்கி, விறைத்து, வெடித்துவிடும். உள்ளே பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து, இரண்டு மூன்று மணிக்கொருமுறை தாளை மாற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் ஓரிரு நாளில் உலரும். வாரமலரைப் படித்து முடித்தபின் அதற்கும் இப்படி ஒரு பயன் உண்டு.

உலர்ந்த பிறகு தோலுக்குரிய பசையை மெல்லியதாகப் பூசலாம். தேங்காய் எண்ணெய் தடவுவது நம்மவர் வழக்கம். அதை அளவின்றித் தடவினால் தோல் மெத்தென்றாகித் தளர்ந்துவிடும்; மணலும் தூசியும் ஒட்டிக்கொள்ளும். காலைக் காப்பது தோலின் உரமாதலால் அதைத் தளரவிடுவது தகாது. மார்கழி மாதத்துப் பூஞ்சணத்திற்கு, வினாகிரியில் சம அளவு நீர் கலந்து துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். பொலித்தீன் பையில் கட்டி வைப்பது பூஞ்சணத்திற்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். வெளியே வைத்தாலும் ஓர் எச்சரிக்கை: அணியுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். தேளும் பூரானும் இருட்டையும் ஈரத்தையும் நாடுபவை.

நகரத்தில் சப்பாத்துத் தைக்கும் முதியவர் ஒருவரிடம் நான் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஒருநாள் ஓர் இளைஞர் புத்தம்புதிது போன்ற காலணியைக் கொண்டுவந்து காட்டினார். மேல்தோல் மெருகு குலையாமல் இருந்தது. அடியோ பிட்டுப்போல் உதிர்ந்தது. "ஐயா, ஐந்து வருடமாகப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தேன்" என்றார் இளைஞர். "போட்டுத் தேய்த்திருந்தால் பயனாவது கிடைத்திருக்கும், தம்பி" என்றார் முதியவர். பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன அடி, காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று, உள்ளூரச் சிதைந்து பொடியாகும் இயல்புடையது. நம்முடையதைப் போன்ற ஈரக்காற்றுள்ள ஊரில் அது விரைவாகவே நிகழும். கடையில் நெடுங்காலம் கிடந்த சரக்கை மலிவென்று வாங்குகிறவர்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். தைத்துப் பூட்டிய இறப்பர் அடியானால் தேய்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம். என் சப்பாத்துக்கு அந்த முதியவர் இருமுறை அடி மாற்றியிருக்கிறார். மேல்தோல் இன்னும் உழைக்கிறது.

இறுதியாக, இரு சாராரைக் குறித்துச் சொல்லவேண்டும். பின்னால் அமர்ந்து செல்கிறவர்களின் காலும் கால்தான். பெரும்பாலான வண்டிகளில் புகைக்குழாய் வலப்புறத்தில் இருப்பதால், கால் பரப்பி அமரும் பிள்ளைகளின் வலது கெண்டைக்காலில் சூட்டுத் தழும்பைப் பல வீடுகளில் காணலாம். மற்றையோர் நீரிழிவு உள்ளவர்கள். அந்நோயால் காலின் உணர்ச்சி குன்றியவர்க்குக் குழாய் சுட்டதும் தெரியாது. கல் கிழித்ததும் தெரியாது. ஆறாத புண் ஒன்று விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுவதுண்டு. அத்தகையோர் மூடிய, இறுக்காத சப்பாத்தை அணிவதோடு, அதனுள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்த பின்னரே காலை நுழைக்க வேண்டும். இரவில் பாதங்களைக் கழுவித் துடைத்து விளக்கொளியில் பார்க்கவும் வேண்டும். தமக்குப் பார்வை குறைவென்றால் வீட்டிலுள்ள சிறுவர்களைப் பார்க்கச் சொல்லலாம்.

தந்தையும் தமையனும் காலையில் வண்டியை எடுக்கும்போது, "தலைக்கவசம் எடுத்தீர்களா?" என்று கேட்க நம் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். "சப்பாத்துப் போட்டீர்களா?" என்றும் கேட்க அவர்களைப் பழக்குவோம். சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டார் சொன்னால் போதும்.