தறி நின்ற கோடையில் ஒரு சூரியக் குறிப்பேடு

மே 7, 2024

சூரியனின் ஒளிமண்டலத்தில், அதாவது கண்ணுக்குப் புலப்படும் அதன் மேற்பரப்பில், வலுவான காந்தப்புலம் உள்ளிருந்து மேலெழும் வெப்ப ஓட்டத்தைத் தடுக்கும் இடங்கள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து, அந்த ஒப்பீட்டினாலேயே கருமையாகத் தோன்றுகின்றன. சூரியப் புள்ளிகள் எனப்படுபவை இவையே. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து மொட்டைமாடி ஒன்றில் இவற்றைத் தாளில் விழச்செய்து வரைவது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகவே இருந்துவந்தது. தந்தையாருக்கு ஒரு கண்ணில் புரை அகற்றப்பட்டு, மறு கண்ணும் முடியும்வரை தறிக்குழியில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்ட பிறகு, விடிந்ததும் எழும் தறியோசை இல்லாத வீட்டில் காலை நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமற்போனதால்தான் அது நாள்தோறும் எழுதும் குறிப்பாயிற்று. 60 மி.மீ. தொலைநோக்கியிலிருந்து வரும் பிம்பம் 15 செ.மீ. வட்டத்தில் பொருந்துமாறு தாள் நிறுத்தப்படுகிறது. தொலைநோக்கியில் யாரும் கண் வைப்பதில்லை. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லையாதலால், அது எரிந்துபோவது எரிந்த பின்னரே தெரியவரும்.

மே 8

சூரியனின் தென் அரைக்கோளத்துப் புள்ளிக்குழு ஒரே நாளில் பெருத்துவிட்டது. நேற்றைய படமும் இன்றைய படமும் ஒரே குழுவினுடையவை என்று சொன்னால் நம்புவது கடினம்.

மே 10

அட்சய திருதியை. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் கூட்டம் நெருக்கியடிக்க, மாடியில் 13664 என்ற எண்ணிட்ட அந்தக் குழு தாளில் 2 செ.மீ.க்குமேல் நீண்டு கிடந்தது. இதே அளவுத் திட்டத்தில் பூமியை வரைந்தால் அதன் விட்டம் 1.4 மி.மீ.யைத் தாண்டாது என்பதால், குழுவின் நீளம் ஏறத்தாழப் பதினைந்து பூமிகள் என்றாகிறது. 2019 டிசம்பர் கிரகணத்திற்கு வாங்கிய கண்ணாடி வழியாக, தொலைநோக்கி ஏதுமின்றியே, தெருவிலிருந்த சிறுவர்களும் அதைக் கண்டார்கள். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்டு காரிங்டன் வரைந்துகொண்டிருந்த குழு இத்தகைய பரப்புடையதே. மதுவடிப்பாளர் ஒருவரின் மகனான அவர், எந்த நிறுவனத்தின் ஊதியமும் பெறாமல் தம் சொந்த நோக்ககத்தில் இதேபோல் பிம்பத்தை விழச்செய்து வரைந்துகொண்டிருந்தபோதுதான், புள்ளிகளின் மேல் இரு வெண்ணொளித் திட்டுகள் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்ததைக் கண்டார்; சூரியக் கிளரொளி பற்றிய முதற்பதிவு அது. அத்தகைய குழுவை இங்கும் வரைந்த மகிழ்ச்சியால் இரவு உறக்கம் வரவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கலாம்.

மே 11

அந்தக் குழுவின் கிளரொளிகளைத் தொடர்ந்து, இரவு லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளியால் வானம் சிவந்ததாம்; 2003 அக்டோபருக்குப் பிறகு இவ்வளவு கடுமையான காந்தப்புயல் இல்லையாம். காஞ்சிபுரத்தில் ஒன்றுமில்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், துருவ ஒளி இங்கே எட்டிப்பார்க்க வழியில்லை என்பது தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் மூன்று மணிவரை மாடியில் படுத்துக் கிடந்ததை என்னவென்பது? காரிங்டன் கண்ட கிளரொளியைத் தொடர்ந்த 1859 புயலின்போது பம்பாய்க் கொலாபா நோக்ககத்தின் காந்தமானி ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா வீழ்ச்சியைக் காட்டியது. புயல் தெற்கே வராமலில்லை, கண்ணுக்கு அகப்படவில்லை, அவ்வளவே.

மே 12

ஒளிப்படம் எடுக்கும் முறை வேறு. ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் வடிதாளைத் தொலைநோக்கியின் முகப்பில் கட்டி, சில ஆயிரம் சட்டகங்கள் கொண்ட காணொளியாக எடுத்து, காற்றின் கொதிப்பு ஒரு கணம் ஓய்ந்தபோது பதிவான தெளிவான சட்டகங்களை மட்டும் மென்பொருளால் தேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூர்மையாக்குவது இன்றைய ஆர்வலர்களின் வழக்கம். அக்கினி நட்சத்திரத்தில் ஒன்பது மணிக்கெல்லாம் மாடித்தளம் சுட்டு, சூரியனின் விளிம்பு கொதிக்கும் நீர்போல் நெளியத் தொடங்கிவிடுவதால், எட்டு மணிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். ஆனால் கூர்மையாக்கும் அளவைச் சற்றே கூட்டினால் இல்லாத நுண்புள்ளிகளும் முளைக்கின்றன. ஒளிமண்டலத்தை நிரப்பியிருக்கும் குருணைகள், அதாவது ஏறத்தாழ 1000 கி.மீ. அகலத்தில் கொதித்தெழுந்து பத்து நிமிடங்களுக்குள் அடங்கும் வாயுக் குமிழ்கள், 60 மி.மீ. வில்லையின் பிரிதிறனுக்குக் கீழே உள்ளவை. அவற்றைப் ‘பிடித்துவிட்ட’ படம் எதுவாயினும் இந்தக் கருவியைப் பொறுத்தவரை ஐயத்திற்குரியதே.

மே 13

வானம் தெளிவு. பார்க்கவில்லை. மறு கண்ணுக்கு அறுவை.

மே 14

குழு மேற்கு விளிம்பில் ஒரு கீறலாகச் சுருங்கிவிட்டது.

மே 20

மழைமுகில். ஏட்டில் இன்றைய கட்டம் வெறுமை. புள்ளியே இல்லாத நாளுக்குச் சுழியம் இட வேண்டும், பார்க்கப்படாத நாளுக்கு எதுவும் இடக் கூடாது; இரண்டையும் கலந்துவிட்ட ஏடு பிற்காலத்தில் எவருக்கும் பயன்படாது. 13ஆம் தேதிக் கட்டத்தைக் கொடைக்கானல் சூரிய நோக்ககத்தின் படத்தைப் பார்த்து நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் இரண்டு நாட்களாக இருந்துவருகிறது. அங்கே 1904 முதல் சூரியனின் வெண்ணொளிப் படங்கள் எடுக்கப்பட்டுவருகின்றன. தட்டுகளில் 20 செ.மீ. விட்டத்தில் பதிந்த சூரியன்கள் நூறாண்டுக்குமேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1907இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், இங்கிலாந்தில் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தவாறு சொந்தக் கருவிகளால் சூரியனை ஆய்ந்துவந்த ஆர்வலர். புள்ளியின் கரிய நடுப்பகுதியைச் சூழ்ந்திருக்கும் இழையிழையான அரைநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை, நிறமாலைக் கோடுகளின் சிறு இடப்பெயர்ச்சியைக் கொண்டு 1909 ஜனவரியில் அவர் கண்டறிந்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. அவர் தட்டு அவருடையது. 13ஆம் தேதிக் கட்டம் அப்படியே இருக்கட்டும்.

மே 22

வைகாசி விசாகம். தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். தந்தையார் கறுப்புக் கண்ணாடியுடன் திண்ணையில். வேலையில்லாத கை சும்மா இருக்க மறுக்கிறது போலும், பூமாலை நாரைப் பிரித்துப் பிரித்து முடிச்சிட்டுக்கொண்டிருந்தார்.

மே 29

சூரியன் தன்னைச் சுற்றிக்கொள்வதைப் பூமியிலிருந்து பார்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 27 நாள். மறைந்த குழு 13697 என்ற புதிய எண்ணுடன் கிழக்கு விளிம்பில் திரும்பிவிட்டது.

ஜூன் 2

குழுக்கள் ஏழு, புள்ளிகள் 38 என்று எழுதி முடித்த வேளையில் தந்தையார் மாடி ஏறி வந்து, தாளுக்கு முகத்தை அருகே கொண்டுபோனார்.

“இது பக்கத்துல இன்னும் ரெண்டு கெடக்கே, அத ஏன் விட்டுட்ட?”

“அது தாள்ல இருக்கிற அழுக்கு, நைனா.”

“அழுக்குன்னா தாளோட போவும். நகத்திப் பாரு.”

தாள் அரை அங்குலம் நகர்த்தப்பட்டது. அவர் விரல் வைத்த இரண்டும் தாளோடு நகராமல் பிம்பத்தோடு நின்றன. பிறகு அவர் எவரையும் கேட்காமல் பென்சிலை வாங்கி, இடமிருந்து வலமாக, தறியின் விழுதுக் கண்ணில் இழை கோக்கும் அதே வேகத்தில், உதடு அசைய எண்ணினார்: 51. வெயிலில் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னது நினைவூட்டப்பட்டதும், அதையும் ஓர் இடையூறாகவே கருதி இறங்கிப்போனார். எரிச்சல் மாலைவரை தணியவில்லை.

ஜூன் 3

சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வுல்ஃப் 1848இல் வகுத்த எண், குழுக்களின் தொகையைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் தொகையைக் கூட்டி, முடிவில் k என்ற காரணியால் பெருக்கப் பெறுவது. கருவியும் காற்றும் கண்ணும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவரின் எண்ணிக்கையை மற்றவரின் அளவுக்குக் கொண்டுவரும் காரணி அது. நேற்றைய கணக்கு k இன்றி ஒருவருக்கு 108, மற்றவருக்கு 121. வுல்ஃப் தம் k மதிப்பை 1 என்று வைத்துக்கொண்டு, மிக நுண்ணிய புள்ளிகளை எண்ணாமல் விட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் வுல்ஃபர் அனைத்தையும் எண்ணியதால், அவருடைய தொகை 0.6ஆல் பெருக்கிக் குறைக்கப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேலாகக் கூடுதலாகக் கண்டவரே குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான். பிரஸ்ஸல்ஸ் நோக்ககம் 2015இல் கணக்கைத் திருத்தியபோது 0.6 நீக்கப்பட்டு, வுல்ஃபரே அளவுகோலானார்.

ஏட்டில் தந்தையாருக்கென இன்னொரு பத்தி கோடிடப்பட்டது.

ஜூன் 9

“சாயங்காலம் எண்ணக் கூடாதா?” என்கிறார் தந்தையார். மாலையில் காற்று மோசம் என்று சொல்லப்பட்டது. மாலையிலும் எண்ணினார்.

ஜூன் 26

மூன்றாம் சுற்றில் 13723 என்ற எண்ணுடன் திரும்பிய குழு, சிதறிய சில புள்ளிகளாகக் கிடக்கிறது. இரு பத்திகளுக்கும் இடையிலான விகிதம் நாளுக்கு நாள் மாறுகிறது. நிலையான k கிடைக்க வேண்டுமானால் இருவரும் பல மாதங்கள் ஒரே நேரத்தில் எண்ணியாக வேண்டும். தறியில் இறங்க மருத்துவர் இசைந்துவிட்டார். திங்கட்கிழமை முதல் பழைய பாவின் முனையோடு புதுப் பாவைப் பிணைக்கும் வேலை தொடங்குகிறது. அதற்கும் வெளிச்சம் நல்ல காலைதான் வேண்டும் என்பதால், எட்டு மணிக் கணக்கு என்னாகும் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.