கொல்லைப்புறமும் வாக்ஸிங் மேசையும்

“பத்து லட்சம் கடன் வாங்கி அனுப்பினது இதுக்கா?” விருதுநகரிலிருந்து அத்தான் போனில் கேட்டார். அவருடைய தம்பி மகன் மெல்போர்னில் இருக்கிறான். ஹோட்டல் நிர்வாகம் படிக்க வந்தவன், நடுவில் மாறி, பியூட்டி தெரபியில் டிப்ளமோ முடித்தான். இப்போது ஆண்களுக்கு வாக்ஸிங் செய்யும் கடையில் வேலை பார்க்கிறான். முதுகு, மார்பு, தோள் வரைக்கும் குடும்பம் எப்படியோ பொறுத்துக்கொண்டது. அந்தரங்க இடத்து முடியையும் அவன்தான் எடுக்கிறான் என்று தெரிந்ததும் வீடு ரெண்டுபட்டுவிட்டது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு சாதியின் பெயரைச் சொல்லி, “அந்த வேலைக்கு இங்கயே ஆள் இருக்கே” என்று எழுத, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். யாராவது கேட்டால் ‘ஹெல்த் கிளினிக்கில் மேனேஜர்’ என்று சொல்லும்படி பையனுடைய அம்மா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“மாப்ள, நீயாவது அவனுக்கு எடுத்துச் சொல்லப்படாதா?” என்றார் அத்தான். எடுத்துச் சொன்னேன், அத்தானிடம். நானும் அந்த மேசையில் படுத்து எழுகிறவன்தான். கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊர் இந்த மெல்போர்ன். தொடையிடுக்கில் வேர்வையும் அரிப்பும் தாங்காமல் சவரம் செய்தால், முளைக்கும் முடி முள்ளாகக் குத்தும், கொப்புளம் வரும். வாக்ஸிங்கில் முடி வேரோடு வருவதால் மூன்று முதல் ஆறு வாரம் வரை தொல்லை இல்லை. இது என் வசதி, அவ்வளவுதான். நான் அத்தானிடம் பேசியது வேறு. ரயில், நூலகம், குழாயில் குடிக்கிற தண்ணீர் என்று நம் ஆட்கள் ஊருக்குப் போனால் பெருமை பேசும் எல்லாவற்றையும்விட, அடுத்தவர் உடம்பின் அந்தரங்க இடத்தைத் தொட்டு வேலை செய்கிறவருக்கு இந்த நாடு கொடுக்கும் இடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எனக்குச் செய்கிறவர் வியட்நாமில் பிறந்த ஒரு நடுவயதுப் பெண்மணி. முதல் தடவை போனபோது உடையைக் கழற்றுவதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார். சர்க்கரை நோய் உண்டா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் எடுத்ததுண்டா? கடைசிக் கேள்வி எதற்கு என்று கேட்டேன். அந்த மாத்திரை தோலை மெலியச் செய்துவிடும், முடியோடு தோலும் பிய்ந்து வரும், நிறுத்தி ஆறு மாதமாவது ஆகாமல் செய்யமாட்டேன் என்றார். சர்க்கரை நோய்க் கேள்விக்கும் காரணம் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத இருபது வயது ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் இதே வாக்ஸிங்குக்குப் பிறகு கிருமித்தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனதை 2007-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு ஏது? இந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் படிவத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பிறகு வேலை. மெழுகில் இரண்டு வகை. துணிப்பட்டை வைத்து இழுக்கும் மெழுகு கைகாலுக்கும் முதுகுக்கும். அந்தரங்க இடத்துக்குக் கட்டி மெழுகு. மணிமணியாக இருப்பதை உருக்கிப் பூசினால் தானே இறுகும், துணி தேவையில்லை, தோலைவிட முடியைத்தான் அதிகம் பற்றும். விதைப்பையின் தோல் மெல்லியது, தொளதொளவென்று இருப்பது. அங்கே கட்டைவிரல் அகலத்துக்குமேல் ஒரே தடவையில் பூசமாட்டார்கள். முடி வளரும் திசையில் பூசி எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுக்க வேண்டும். தோல் தளர்ந்திருந்தால் ரத்தம் கட்டும் என்பதால், “இங்கே பிடித்துக்கொள்ளுங்கள், இன்னும் இறுக்கி” என்று நம் கையையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார். சூட்டைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம் மேல் வைப்பார். ஒருமுறை தோலைத் தொட்ட குச்சி திரும்ப மெழுகுச் சட்டிக்குள் போகாது. ஒவ்வொரு பூச்சுக்கும் புதுக் குச்சி, பழையது குப்பைக்கு. கையுறை கழற்றுவதில்லை. வேலை நடக்கிற இடம் தவிர மற்றதைத் துண்டு மூடியிருக்கிறது. பேச்சு மழை, பிள்ளைகளின் பள்ளி, காய்கறி விலை. வலிக்கும், நன்றாகவே வலிக்கும். ஆனால் கூச்சம் இரண்டாவது நிமிடமே போய்விடுகிறது. வேலை தெரிந்த ஒருவர் முன்னால் உடம்பு வெறும் உடம்புதான்.

இந்தத் திறமை அவருக்குப் பிறப்பால் வந்ததல்ல, படித்து வந்தது. ஆஸ்திரேலியாவின் தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் சாதாரண வாக்ஸிங் ஒரு பாடம், பெண்களின் அந்தரங்க வாக்ஸிங் தனிப் பாடம், ஆண்களுக்கானது மற்றொரு தனிப் பாடம். விக்டோரியா மாநிலத்தில் இப்படிப்பட்ட கடையை 2008-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். சுகாதார அதிகாரி வந்து பார்ப்பார். சம்பளத்துக்கு 2010-லிருந்து முடிதிருத்தம், அழகுக்கலைத் தொழிலுக்கென்றே குறைந்தபட்ச ஊதிய ஆணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் இரட்டிப்பு. அத்தானிடம் இதைச் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்துதான் அந்தக் கடனை அடைக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குப் பிடித்தது, முடியாது என்று சொல்லும் அதிகாரம். போனில் அசிங்கமாகப் பேசுகிறவர்கள், மேசையில் படுத்துக்கொண்டு வேறு ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. இதனாலேயே பல கடைகள் ஆண்களுக்கு இந்தச் சேவையைச் செய்வதில்லை. செய்யும் கடையில் சுவரில் எழுதியிருக்கிறது: முறைகேடான பேச்சோ நடத்தையோ இருந்தால் வேலை அத்தோடு நிற்கும், முழுக் கட்டணமும் கட்டிவிட்டுப் போக வேண்டும். எழுபது எண்பது டாலர் கொடுக்கிறவன் நான் என்பதால் என் கை ஓங்கிவிடாது. மேசையில் படுத்திருப்பவனைவிட நின்று வேலை செய்கிறவரின் சொல்லுக்குத்தான் அந்த அறையில் மதிப்பு.

எங்கள் ஊரில் யார் சொல்லுக்கு மதிப்பிருந்தது? என் தாத்தாவுக்குச் சர்வாங்க சவரம் செய்ய ஒரு பெரியவர் வருவார். தலை முதல் கால்வரை, அக்குளும் அடிவயிறும் சேர்த்து, ஒரே கத்தி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு துண்டு படிகாரம். வாசல் வழியாக அவர் வந்ததே இல்லை. கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். தாத்தாவுக்குக் குடல் இறக்கம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். “ஐயா, இது வீக்கமில்ல, மதுரைக்குப் போய்க் காட்டுங்க” என்று சொல்லி அனுப்பினார். ஆபரேஷன் முடிந்து தாத்தா பிறகும் பல வருஷம் நடமாடினார். அப்பேர்ப்பட்ட மனிதரை என் சித்தப்பாவின் பத்து வயது மகன் பேர் சொல்லி ‘வா, போ’ என்று கூப்பிடுவான். அவர் தொட்டுவிட்டார் என்று தாத்தா தலைமுழுகிய பிறகுதான் வீட்டுக்குள் காலை வைப்பார். கூலி அறுவடை சமயத்தில் களத்துமேட்டில் அளந்து போடும் நெல். குறைத்து அளந்தாலும் கேட்க முடியாது. வரமாட்டேன் என்று சொன்னால் ஊரில் குடியிருக்க முடியாது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘முடியாது’ என்று சொல்ல அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு வெட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வெட்டினால் மற்றவர்கள் அவரிடம் தலை கொடுக்கமாட்டார்கள். தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகளைப் பற்றி இன்னமும் தமிழ்நாட்டில் செய்தி வருகிறது. மெல்போர்னில் அந்தப் பெண்மணி ஒருவனை வெளியே அனுப்புகிறார் என்றால் அவன் நடத்தைக்காக. எங்கள் ஊரில் வெளியே நிறுத்தியது பிறப்புக்காக, அதுவும் நிறுத்தியவரின் விருப்பத்தைக் கேட்காமல். வாட்ஸ்அப்பில் சிரித்தவர்கள் சிரித்தது வாக்ஸிங்கைப் பார்த்து அல்ல, அந்தக் கிணற்றடியைப் பார்த்து.

இதைச் சொல்லிவிட்டு, இங்கே மெல்போர்னில் இருக்கிறவர்கள் உடம்புச் சுத்த விஷயத்தில் நமக்குப் பாடம் எடுக்க வரும்போது எனக்குப் பொறுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஒருவர், உடம்பு முடியை நீக்கும் சுத்தம் உங்கள் பக்கத்துக்குப் புதிதாயிருக்கும் என்று ஒருநாள் என்னிடம் பரிவோடு சொன்னார். நாற்பது நாளுக்கு மேல் மறைவிடத்து முடியை விடக் கூடாது என்பதை மார்க்கக் கடமையாகவே வைத்து, காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடிக்கிறார்கள். துருக்கியில் சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சிய பாகை இழுத்து முடி எடுப்பது பழைய வழக்கம். எங்கள் அப்பத்தா கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்குப் பொடியும் குழைத்துப் பூசிக் குளித்தவர். இதெல்லாம் மேற்கத்திய விளம்பரம் பார்த்து வந்ததல்ல.

அந்த விளம்பரங்கள்மீது எனக்குக் கடுங்கோபமே உண்டு. மீசை அரும்பிய வயதிலேயே நம் வீட்டுப் பையன்கள் இங்கே பள்ளி நீச்சல் வகுப்பில் கேலிக்கு ஆளாகிறார்கள். வெள்ளைத் தோலில் வெளிர் முடி தெரிவதில்லை, நம் பிள்ளையின் மார்பில் கருகருவென்று தெரிகிறது. ஆபாசப் படங்களில் முடியில்லாத உடம்பையே பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை, முடி இருப்பதையே அழுக்கு என்று நினைக்கிறது. அழுக்கு அல்ல. அந்த இடத்து முடி உராய்விலிருந்து தோலைக் காப்பாற்றுகிறது. சுகாதாரத்துக்காக அதை நீக்கியே ஆக வேண்டும் என்று மருத்துவம் சொல்லவில்லை. அவமானத்தால் மேசைக்கு வரும் பதினாறு வயதுப் பையன்களைத் திருப்பி அனுப்பிவிடுவதாக அத்தான் வீட்டுப் பையன் சொன்னான். மேசைக்கு வரும் நம் ஆட்களுக்கு அவன் சொல்வது இன்னொன்றும் உண்டு: நம் மாநிறத் தோலில் சிறு புண் ஆறினாலும் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும், நம் சுருட்டை முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளரும். தோலைத் தேய்த்து இறந்த செல்களை நீக்குவதும், முடித்த ஓரிரு நாள் வெந்நீரும் ஜிம்மும் நீச்சல் குளமும் தவிர்ப்பதும் நமக்கு மற்றவர்களைவிட அவசியம். இந்தத் தோலைப் பிறந்ததிலிருந்து உடுத்தியிருக்கும் ஒருவன் சொல்லும்போது அதில் ஒரு கரிசனம் இருக்கிறது.

இந்தத் தொழிலைப் பேர்பெறச் செய்தவர்களும் புலம்பெயர்ந்தவர்கள்தான். பிரேசிலின் விட்டோரியா பக்கத்திலிருந்து நியூயார்க்குக்கு வந்த பதில்யா சகோதரிகள் ஏழு பேர் 1987-ல் மன்ஹாட்டனில் கடை போட்டார்கள். ஏழு பெயரும் ஜே எழுத்தில் தொடங்குவதால் கடைக்கு ஜே சிஸ்டர்ஸ் என்று பெயர். நகப் பராமரிப்பில் ஆரம்பித்து, ஊரில் செய்ததையே வாடிக்கையாளருக்கும் செய்து காட்டினார்கள். அந்தரங்க முடியை எடுக்கும் பிரேசிலியன் வாக்ஸ் இன்று உலகம் முழுக்கப் போயிருப்பது அவர்கள் கைவண்ணம். பிழைக்கப் போன இடத்தில் ஊர்த் தொழிலைச் சொல்லக் கூச்சப்படவில்லை அந்தப் பெண்கள்.

சென்னையிலும் கோவையிலும் இப்போது ஆண்களுக்கு முழு உடம்பு வாக்ஸிங் செய்யும் சலூன்கள் வந்துவிட்டன. போன விடுமுறையில் சென்னையில் ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், விலைப் பட்டியல் எல்லாம் இருந்தது. படிவம் இல்லை. செய்தவன் மணிப்பூர்ப் பையன். நல்ல கை, சூடு பார்த்துத்தான் வைத்தான். குச்சியைத் திரும்பத் திரும்ப அதே சட்டியில் முக்கினான். ஏன் தம்பி என்றேன். ஒருவருக்கு இரண்டு குச்சிதான் தருவார்கள் என்றான், பழகிய தமிழில். கையுறை அவன் காசு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், சம்பளம் மற்ற நாளைப் போலத்தான். குடித்துவிட்டு வந்து கையைப் பிடித்து இழுத்த ஒரு ஆளைப் பற்றி முதலாளியிடம் சொன்னதற்கு, கஸ்டமரை அனுசரித்துப் போ என்று பதில் வந்ததாம்.

அவனும் வீட்டை விட்டு ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்தவன். அவன் அம்மாவும் அக்கம்பக்கத்தில் ஏதாவது மேனேஜர் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். மார்கழியில் மறுபடி சென்னைக்கு வருகிறேன், அந்த முதலாளியைப் பார்த்துக் கேட்கப் போகிறேன்: சர்க்கரை நோய் கேட்கும் ஒரு தாள், ஆளுக்கு வேண்டிய மட்டும் குச்சி, கடைச் செலவில் கையுறை, கை நீட்டுகிறவனை வெளியே அனுப்பும் உரிமை அந்தப் பையனுக்கு. அத்தானையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.